இழவு வீட்டில் தோழிக்கு எந்த இடம்? ‘பிரிட்ஜ் டு டெராபித்தியா’ பற்றி ஒரு பதில்

கேள்வி, சுருக்கமாக: “எனக்கு 24 வயது. கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழி ஐந்து மாதத்துக்கு முன் காய்ச்சலில் இறந்துவிட்டாள். அவளிடம் இரவல் வாங்கிய ‘பிரிட்ஜ் டு டெராபித்தியா’ நாவல் என்னிடமே தங்கிவிட்டது. இதுவரை நான்கு முறை படித்துவிட்டேன். சின்னப் பிள்ளைகள் கதையைப் போய் இப்படிப் படிக்கிறாயே என்று வீட்டில் சிரிக்கிறார்கள். ஆனால் யார் பேச்சிலும் கிடைக்காத ஆறுதல் இதில் கிடைக்கிறது. ஏன்? இன்னொன்று. அவள் காரியத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் பஸ் நின்ற கடையில் நான்கு பரோட்டா சாப்பிட்டேன். நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அந்தப் புத்தகத்தை அவள் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமா?”

பரோட்டாவிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் நான்கு முறை படித்த புத்தகத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது. கண்ணில் பட்டும் உங்களுக்கு அது உறைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

நாவலின் நாயகன் ஜெஸ், பத்து வயதுப் பையன். அவனுடைய உயிர்த்தோழி, பக்கத்து வீட்டு லெஸ்லி, கயிற்றில் தொங்கி ஓடையைத் தாண்டும்போது கயிறு அறுந்து இறந்துபோகிறாள். அதற்கு மறுநாள் காலை. ஜெஸ்ஸின் அம்மா பான்கேக் சுட்டு அவன் முன்னால் வைக்கிறாள். சிரப்பைக் குளம் போல ஊற்றிக்கொண்டு அவன் சாப்பிடுகிறான். ரொம்ப ருசியாக இருக்கிறது. அக்கா பிரெண்டா அவனையே பார்த்துவிட்டு, உனக்கு ஒரு கவலையும் இல்லை, அப்படித்தானே என்று கேட்கிறாள். எனக்குப் பிடித்தவன் செத்திருந்தால் ஒரு வாய் இறங்காது என்கிறாள். அவள் எதைப் பற்றிப் பேசுகிறாள் என்றே ஜெஸ்ஸுக்குப் பிடிபடவில்லை. தட்டில் மறுபடியும் கை வைக்கிறான்.

நாவலை எழுதிய கேத்தரின் பேட்டர்சன் இந்த இடத்தில் அவனுக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசவில்லை. ‘அதிர்ச்சியில் இருந்தான், பாவம்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. பான்கேக் ருசியாக இருந்தது, அவன் சாப்பிட்டான், அவ்வளவுதான். படிக்கிற நமக்கு அவன் மேல் கோபமே வருவதில்லை. நான்கு முறை படித்தும் அந்தப் பையனை நீங்கள் ஒரு தடவைகூடத் திட்டியிருக்க மாட்டீர்கள். உங்களை மட்டும் ஐந்து மாதமாகத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கும் இது தெரிந்த சங்கதிதான். சாவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். சம்பந்தி வீட்டிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ சாப்பாடு வரும். அழுதவர்களுக்குப் பசிக்கும் என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. அந்தச் சாப்பாட்டுப் பந்தியில் உட்காரும் உரிமை உங்களுக்கு இருந்ததா, யாராவது உங்களைக் கூப்பிட்டார்களா? என் ஊகம், இல்லை. அதனால்தான் பரோட்டாக் கடை.

இங்கேதான் உங்கள் முதல் கேள்விக்கு என்னுடைய பதில் இருக்கிறது.

எனக்கு 27 வயதில் என் நண்பன் ஒருவன் பைக் விபத்தில் போனான். அவன் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நீல பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். உட்காரத் தயக்கமாக இருந்தது. உள்ளே பெண்கள் மாரடித்து அழுகிறார்கள், பங்காளிகள் பாடைக்கு மூங்கில் வெட்டுகிறார்கள், மாமன் கோடித்துணி எடுத்துவரப் போயிருக்கிறார், அத்தை வாய்க்கரிசிக்கு அரிசி எடுத்து வைக்கிறாள். அங்கே ஆளாளுக்கு ஒரு வேலை, ஒரு முறை. நான் கேட்டுக்கு வெளியே நின்று தண்ணீர் பாக்கெட் மூட்டையைப் பிரித்து வருகிறவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் வாங்கிக் குடித்துவிட்டு, “தம்பி யாரு?” என்றார். “ஃப்ரெண்டுங்க” என்றேன். “ஓ” என்று நகர்ந்துவிட்டார். அந்த ‘ஓ’வுக்கு மேல் என் துக்கத்துக்கு அங்கே இடமில்லை. முடி எடுக்க வேண்டியதில்லை, தீட்டு இல்லை, பதினாறாம் நாள் வேலை இல்லை. மறுநாள் ஆபீஸ் போனேன். அண்ணன் தம்பி இறந்திருந்தால் நாலு நாள் லீவு கேட்டிருக்கலாம், நண்பனுக்கு என்ன சொல்லி லீவு கேட்பது?

எங்களுக்கென்று அன்றைக்கு இருந்த ஒரே இடம் தெருமுனை ஃப்ளெக்ஸ் பேனர். ‘கண்ணீர் அஞ்சலி’ என்று மேலே, கீழே ‘இவண், நண்பர்கள்’ என்று போட்டு எங்கள் பதினொரு பேரின் பாஸ்போர்ட் போட்டோ. அந்த பேனர்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிப்பதில்லை. சாங்கியத்தில் இடம் கிடைக்காதவர்கள் தாங்களே அச்சடித்துக்கொண்ட இடம் அது.

கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு 1989-இல் ஒரு பெயர் வைத்தார். தமிழில் ‘உரிமை இல்லாத துக்கம்’ என்று சொல்லலாம். ஒருவருக்கு இழப்பு நிஜம், ஆனால் அதற்காக வெளிப்படையாகத் துக்கம் காக்கும் தகுதியைச் சுற்றியிருப்பவர்கள் அவருக்குத் தருவதில்லை. நண்பர்கள், பழைய காதலர்கள், உடன் வேலை பார்த்தவர்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வருவார்கள். பேட்டர்சனின் நாவல் வந்தது 1977-இல். பெயர் வைக்கப் பன்னிரண்டு வருடம் முன்பே அந்த நிலையை ஒரு பத்து வயதுப் பையனை வைத்து அவர் முழுசாக எழுதிவிட்டார்.

ஜெஸ் லெஸ்லியின் வீட்டுக்குப் போகும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அப்பா அம்மாவோடு போகிறான். உள்ளே அவனுக்குத் தெரியாத உறவினர்கள். பாட்டி ஒருத்தி, உன்னைப் பற்றி லெஸ்லி எங்களிடம் சொல்லியிருக்கிறாள் என்கிறாள். லெஸ்லியின் அப்பா அவனைக் கட்டிக்கொண்டு அழுகிறார். அந்த மனிதர் தனக்காகத்தான் அழுகிறார் என்று ஜெஸ்ஸுக்குக் கோபம் வருகிறது. லெஸ்லியை எரித்துவிட்டார்கள், சாம்பலை பென்சில்வேனியாவுக்கு எடுத்துப்போகப் போகிறார்கள் என்பது அங்கேதான் அவனுக்குத் தெரிகிறது. யாரும் அவனைக் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. இனி அவனுக்குப் போய் நிற்க ஒரு கல்லறைகூட இல்லை. லார்க் கிரீக் என்ற அந்தக் கிராமத்தில் லெஸ்லியை அவனைவிட அதிகம் அறிந்தவர் கிடையாது. ஆனாலும் அந்த வீட்டில் அவன் ‘பக்கத்து வீட்டுப் பையன்’.

இதே காட்சியில் இன்னொரு வரி உண்டு. பலரும் வேகமாகக் கடந்துவிடுவார்கள். தன் வயதில், தான் அறிந்தவரையில், உயிர்த்தோழியைப் பறிகொடுத்தவன் தான் ஒருவன்தான் என்று ஜெஸ்ஸுக்குத் தோன்றுகிறது. அதில் ஒரு பெருமை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தன்னைப் பார்த்துக் கிசுகிசுப்பார்கள், மரியாதையாக நடத்துவார்கள், டீச்சர்கள் அன்பாக இருப்பார்கள் என்றெல்லாம் நினைத்துப் பார்க்கிறான். முதல் தடவை இதைப் படித்தபோது புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். நண்பன் இறந்த வாரம் ஆபீஸில் ஒவ்வொருவராக வந்து என் தோளைத் தொட்டபோது எனக்குள்ளும் ஒரு மூலையில் அது இருந்தது. வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள் என்று ஒளித்து வைத்திருந்தேன். ஒரு கிறிஸ்தவப் போதகரின் மனைவி, நான்கு பிள்ளைகளின் தாய், அதைச் சாதாரணமாக எழுதி அச்சில் போட்டிருக்கிறார். நான் மட்டும் இல்லை என்று தெரிந்துகொள்வதுதான் ஆறுதல் என்பார்கள். இங்கே கிடைத்தது அதைவிட ஒரு படி குறிப்பானது: என் துக்கத்தின் அசிங்கமான பகுதியும் துக்கத்தில் சேர்த்திதான்.

உங்களுக்கு அவள் மேல் கோபம் வந்ததா? கேள்வியில் எழுதவில்லை. வந்திருக்கும். ஜெஸ்ஸுக்கு வருகிறது. லெஸ்லி அவனைப் பழைய வாழ்க்கையிலிருந்து இழுத்துக்கொண்டு தன் உலகத்துக்குக் கூட்டிவந்தாள், அங்கே அவன் காலூன்றும் முன்னால் விட்டுவிட்டுப் போய்விட்டாள், நிலாவில் தனியாக மாட்டிக்கொண்ட விண்வெளி வீரனைப் போல நிற்கிறான். 12-ஆம் அத்தியாயத்தின் தலைப்பே அதைத்தான் சொல்கிறது, ‘நிர்க்கதி’ என்று வைத்துக்கொள்ளலாம். லெஸ்லியின் உடலைக் கிடத்தியிருந்ததைப் பார்த்தாயா என்று விவரம் தெரியாமல் கேட்ட குட்டித் தங்கை மே பெல்லின் முகத்தில் முழு பலத்தோடு அறைகிறான். கிறிஸ்துமஸுக்கு லெஸ்லி கொடுத்த வாட்டர் கலர் பெட்டியை ஓடையில் வீசுகிறான்.

சங்கப் பாட்டு ஒன்றை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்தபோது அவன் நண்பர் பொத்தியாரும் கூட உட்கார வந்தார். உன் மனைவி கர்ப்பமாக இருக்கிறாள், மகன் பிறந்த பின் வா என்று சொல்லி அரசன் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டான். மகன் பிறந்து அவர் வந்தபோது அரசன் இல்லை, நடுகல்தான் இருந்தது. அந்தக் கல்லின் முன் நின்று பொத்தியார் பாடியது புறநானூறு 222. முன்பு திருப்பி அனுப்பியதை நினைத்துச் செத்துப்போன நண்பனை அவர் கூப்பிடுகிற பெயர், ‘அன்பிலாள!’ அன்பில்லாதவனே என்று அர்த்தம். அடுத்துக் கேட்பது, ‘என் இடம் யாது?’ இரண்டாயிரம் வருடத்துப் பாட்டில் நண்பனுக்கு வருகிற முதல் உணர்ச்சி கோபம், முதல் கேள்வி தன் இடம் எது என்பது. ஜெஸ் பொத்தியாரைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஓடைக்கரையில் அவன் கேட்டது இதையேதான்.

வண்ணப் பெட்டியை வீசிய பிறகு அவன் அப்பா பின்னாலேயே வருகிறார். வாஷிங்டனில் வேலைக்குப் போய் இருட்டின பின் களைத்துத் திரும்பும் மனிதர். தங்கைகளைத் தூக்கிக் கொஞ்சுவார், இவன் வளர்ந்த பையன் என்று இவனைத் தொட்டுப் பல வருடம் ஆகிறது. மகனைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்கிறார். அவளை எனக்குப் பிடிக்கவே இல்லை, அவளைப் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று பையன் அழுகிறான். அப்பா மறுத்துப் பேசாமல் தலையைத் தடவிக்கொடுக்கிறார். அப்புறம் ஒரே ஒரு வாக்கியம், ‘நரகமா இருக்கு, இல்ல?’ என்கிற மாதிரி. இன்னொரு ஆம்பளையிடம் அப்பா பேசுவது போல அது இருந்தது, அதில் ஒரு விசித்திரமான ஆறுதல் இருந்தது என்று நாவல் சொல்கிறது. அந்தத் தைரியத்தில்தான் அவன் கேட்கிறான்: லெஸ்லி நரகத்துக்குப் போவாளா? அவள் பைபிளை நம்பாதவள். முட்டாள்தனமாகப் பேசாதே, சின்னப் பெண்களைக் கடவுள் நரகத்துக்கு அனுப்ப மாட்டார் என்கிறார் அப்பா. தத்துவம் எதுவும் இல்லை, விளக்கமும் இல்லை. அவனுக்கு அது போதுமாக இருக்கிறது.

இது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேட்டர்சன் 1932-இல் சீனாவில் பிறந்தவர், மிஷனரிகளின் மகள். 1974-இல் மேரிலாண்ட் மாநிலத்தின் டக்கோமா பார்க்கில் கணவர் பிள்ளைகளோடு இருந்தார். அந்த வருடம் அவருக்குப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்து எழுந்த சில மாதத்தில், ஆகஸ்டில், இளைய மகன் டேவிட்டின் உயிர்த்தோழி லிசா கடற்கரையில் மின்னல் தாக்கி இறந்துபோனாள். இருவருக்கும் எட்டு வயது. தான் கெட்ட பையன் என்பதால்தான் கடவுள் லிசாவைக் கொன்றார் என்று டேவிட் நம்பத் தொடங்கினான். மகனுக்கு என்ன சொல்வதென்று தாய்க்குத் தெரியவில்லை. பாதி எழுதிக் கிடந்த ஒரு பழைய ஸ்பைரல் நோட்டின் வெற்றுப் பக்கங்களில் பென்சிலால் எழுத ஆரம்பித்தார். சரியாக வராவிட்டால், நான் ஒன்றும் பெரிதாக எழுத உட்காரவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளலாம் அல்லவா, அதற்காக.

லெஸ்லி சாக வேண்டிய அத்தியாயம் வந்ததும் கை ஓடவில்லை. எழுதாவிட்டால் அவள் சாக மாட்டாள் என்பது போல நாட்களைத் தள்ளினார். ஒரு தோழி விசாரித்தபோது, லிசாவின் சாவை இன்னொரு முறை என்னால் தாங்க முடியாது போலிருக்கிறது என்றார். அந்தத் தோழி சொன்னது: உன்னால் எதிர்கொள்ள முடியாதது லிசாவின் சாவு என்று எனக்குத் தோன்றவில்லை, உன் சாவு. வீட்டுக்குப் போய் எழுதி முடித்தார். அவரே இந்தக் கதையைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். சிறுவர் புத்தகம் என்று சிரிக்கிற உங்கள் வீட்டாருக்கு இதைச் சொல்லுங்கள். சாவு தன்னைத் தொட்டுவிட்டுப் போன ஒரு பெண், தன் மகனுக்குப் பதில் சொல்ல முடியாமல் எழுதியது. எழுத்து எளிமையாக இருப்பது எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரிய வேண்டும் என்பதால். 1978-இல் இதற்கு, அமெரிக்காவில் சிறுவர் நூல்களுக்குத் தருகிற நியூபெரி பதக்கம் கொடுத்தார்கள். அதே புத்தகத்தைப் பள்ளி நூலகங்களிலிருந்து எடுக்கச் சொல்லி அமெரிக்கப் பெற்றோர் பல வருடம் சண்டையும் போட்டார்கள், கெட்ட வார்த்தை இருக்கிறது, சாவு இருக்கிறது என்று. பிள்ளைகளுக்குச் சாவைப் பற்றித் தெரியக் கூடாது என்று நினைப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

‘ஏன்’ என்ற கேள்விக்கு இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. உங்களிடம் இருக்கும் பிரதியின் பொருளடக்கத்தைப் பாருங்கள். 13 அத்தியாயம். லெஸ்லி இறந்த செய்தி பத்தாவது அத்தியாயத்தின் கடைசியில் வருகிறது. அந்த அத்தியாயத்தின் பெயர் ‘குறையில்லாத நாள்’. ஜெஸ் இசை டீச்சர் எட்மண்ட்ஸ் மிஸ்ஸோடு வாஷிங்டனுக்குப் போய் ஓவியங்களைப் பார்த்துவிட்டு, வாழ்க்கையிலேயே இதைவிட நல்ல நாள் இல்லை என்ற நினைப்போடு வீட்டுக்குள் நுழைகிறான். லெஸ்லியையும் கூட்டிப்போகக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, மிஸ்ஸோடு தனியாகப் போவதில் உள்ளுக்குள் சந்தோஷம். பிரெண்டாதான் செய்தியைப் போட்டு உடைக்கிறாள். கயிறு அறுந்த காட்சியை நாம் பார்ப்பதே இல்லை. அவனைப் போலவே நாமும் அந்த நேரத்தில் வேறெங்கோ சந்தோஷமாக இருந்தோம். உங்கள் தோழிக்கு முடியாமல் போன நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. ரீல்ஸ் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கலாம். அது குற்றம் என்று தோன்றினால், அந்த அத்தியாயத்தின் தலைப்பை ஒரு முறை படியுங்கள்.

சாவுக்கு முந்தைய பத்து அத்தியாயத்தில் என்ன இருக்கிறது? ஓட்டப் பந்தயத்தில் பையன்களை எல்லாம் தோற்கடிக்கிற புதுப் பெண், கயிற்றில் தொங்கி ஓடையைத் தாண்டிப் போகிற காடு, அதற்கு ஒரு ராஜா ஒரு ராணி, டெராபித்தியா என்று ஒரு பெயர், ஒரு நாய்க்குட்டி, இரவல் கொடுத்த நார்னியா கதைகள். இது முதலில் நட்பைப் பற்றிய நாவல். ஐந்து மாதமாக உங்கள் மூன்று வருடத்தைக் கடைசி ஒரு வாரம் மூடி மறைத்திருக்கும். மருத்துவமனை, போன் அழைப்பு, அந்த வீடு, அந்த பஸ். இந்த நாவல் ஒவ்வொரு முறையும் உங்களை முதல் அத்தியாயத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. நான்காவது முறை படித்தீர்களே, கடைசி மூன்று அத்தியாயத்துக்காகவா படித்தீர்கள்? எனக்குச் சந்தேகம்தான்.

மையர்ஸ் டீச்சரை மறந்துவிடக் கூடாது. நாவல் முழுக்க ஜெஸ்ஸும் லெஸ்லியும் கேலி செய்கிற வகுப்பு டீச்சர். லெஸ்லி இறந்த பிறகு அவன் வகுப்புக்கு வந்தால் அவளுடைய மேசையை அதற்குள் எடுத்துவிட்டிருக்கிறார்கள். டீச்சர் அவனை வராந்தாவுக்குக் கூப்பிடுகிறார், திட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு போகிறான். என் கணவர் இறந்தபோது எல்லோரும் என்னை அழாதே என்றார்கள், மறக்கச் சொன்னார்கள், எனக்கு மறக்க விருப்பம் இல்லை என்கிறார் அவர். கண்ணில் நீர். ஜெஸ்ஸுக்குத் திகைப்பு. இந்த அம்மாவுக்கு ஒரு கணவர் இருந்தார், அவரை இவர் நேசித்தார். இதை லெஸ்லியிடம் உடனே சொல்ல வேண்டும் போலிருக்கிறது. சொல்ல ஆள் இல்லை.

ஜெஸ்ஸின் பார்வை மாறுகிற இடம் என்றால் எனக்கு இதுதான். தன் துக்கம் கண்ணைத் திறந்ததும் அவனுக்கு அடுத்தவர் துக்கம் தெரிகிறது. ‘மறந்துவிடு, மேலே பார்’ என்று உங்களுக்குச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் கிடையாது, ஆனால் மையர்ஸ் டீச்சர் அவர்களைவிட விவரமானவர். இறந்தவரோடு உள்ள உறவை அறுக்காமல் வேறு விதமாகத் தொடர்வது இயல்பு என்று துக்கத்தை ஆய்வு செய்கிறவர்கள் 1990-களில்தான் அழுத்திச் சொல்லத் தொடங்கினார்கள். துக்கத்துக்கு ஐந்து கட்டம் என்று யாராவது உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எலிசபெத் குப்லர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் அதை எழுதியது தாங்களே சாகப் போகிற நோயாளிகளிடம் பேசி. சாவில் ஒருவரைப் பறிகொடுத்தவர்களுக்கும் சேர்த்து ஒட்டிவிட்டார்கள். ஜெஸ் இரண்டு நாளில் எல்லாக் கட்டத்தையும் குறுக்கும் நெடுக்குமாகக் கடக்கிறான், நடுவில் பான்கேக் வேறு சாப்பிடுகிறான்.

நாவலில் குறையே இல்லையா? இருக்கிறது. லெஸ்லி கொஞ்சம் அதிகமாகவே நல்லவள். புத்திசாலி, பயமே இல்லாதவள், வேகமாக ஓடுபவள், கற்பனை நிறைந்தவள். அவள் மனதுக்குள் நாம் ஒரு தடவைகூடப் போவதில்லை. ஜெஸ் வளர்வதற்காகவே வந்துபோன தேவதை மாதிரி சில இடங்களில் இருக்கும். விமர்சகர்கள் இதைச் சொல்லும்போது எனக்கு மறுக்கத் தோன்றுவதில்லை. ஆனால் இழந்தவர்கள் எல்லோரும் செய்வதும் அதுதானே. உங்கள் தோழியை அப்படி ஆக்கிவிடாதீர்கள். மூன்று வருடம் ஒரே அறையில் இருந்திருக்கிறீர்கள். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டிருப்பாள், உங்கள் ஷாம்பூவைக் கேட்காமல் எடுத்திருப்பாள், ஏதோ ஒரு விஷயத்துக்கு ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பீர்கள். அதையும் எழுதி வையுங்கள். பழைய நோட்டில் பென்சிலால் எழுதினால் போதும்.

2007-இல் வந்த படத்தைப் பார்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பாருங்கள், மோசமில்லை. வளர்ந்த டேவிட்டே திரைக்கதையில் பங்குபெற்று, தயாரிப்பிலும் இருந்தார். ஆனால் டெராபித்தியாவின் ராட்சதர்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டிவிட்டார்கள். புத்தகத்தில் அவை இரண்டு பிள்ளைகள் பேசிப் பேசி உண்டாக்கிய காற்று.

துக்கம் தின்றதில் மாதக்கணக்கில் தூக்கம் இல்லை, வேலைக்குப் போக முடியவில்லை, நானும் போய்விடலாம் என்று தோன்றுகிறது என்ற நிலை என்றால் புத்தகம் போதாது. 14416-க்கு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்கு, போன் செய்யுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். உங்கள் கேள்வியில் அப்படி எதுவும் தெரியவில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

ஜெஸ் கடைசியில் என்ன செய்கிறான்? சாங்கியம் எதுவும் தனக்குக் கிடைக்காததால் தானே ஒன்று செய்கிறான். காட்டுக்குள் போய் பைன் கிளையை வளைத்து மாலை கட்டி, அவர்கள் புனிதமாக வைத்திருந்த தோப்பில் வைக்கிறான். ஓடைக்குக் குறுக்கே கிடந்த மரத்தில் பின்னாலேயே வந்த மே பெல், நடுவில் பயந்து அசையாமல் மாட்டிக்கொண்டு கத்துகிறாள். போய் மீட்கிறான். நான் பயந்துட்டேன் என்கிறாள் அவள். எல்லோருக்கும் சில சமயம் பயம் வரும், வெட்கப்பட ஒன்றுமில்லை என்கிறான் அவன். அன்றைக்கு ஓடையைத் தாண்டத் தனக்கும் பயமாக இருந்ததை லெஸ்லியிடம் அவன் கடைசிவரை சொல்லவே இல்லை. அதைத் தங்கையிடம் சொல்லித் தீர்க்கிறான். பிறகு லெஸ்லி வீட்டாரிடம் மரப்பலகை கேட்டு வாங்கி, கயிறு தொங்கிய இடத்தில் பாலம் கட்டுகிறான். அறைந்தானே, அதே தங்கையை அதன் வழியே கூட்டிப்போகிறான்.

இப்போது புத்தகம். லெஸ்லி வீட்டார் ஊரைவிட்டுப் போகிற நாளில், அவளுடைய அப்பா பில், நாய்க்குட்டியை ஜெஸ்ஸுக்குக் கொடுக்கத்தான் நினைத்திருந்தேன், முடியவில்லை என்கிறார். அந்த நாய்க்குட்டியை லெஸ்லிக்குக் கொடுத்ததே ஜெஸ்தான். இவனுக்கும் அது வேண்டும். பில் ஒரு சின்னப் பையனைப் போல அவனைப் பார்க்கிறார். நீங்கள் வைத்துக்கொள்வதைத்தான் லெஸ்லி விரும்புவாள் என்று இவன் சொல்லிவிடுகிறான்.

அதனால், எடுத்துக்கொண்டு போங்கள். போவதற்கு முன் முதல் பக்கங்களில் சமர்ப்பணத்தைப் பாருங்கள். டேவிட்டுக்காக எழுதினேன், படித்துவிட்டு லிசாவின் பெயரையும் போடச் சொன்னான் என்று பேட்டர்சன் எழுதியிருப்பார். உங்கள் தோழியின் பெயர் அவள் கையெழுத்தில் அந்தப் பிரதியில் இருந்தால் அதன் கீழே உங்கள் பெயரையும் எழுதிவிடுங்கள். இதில் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அவள் அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு “நீயே வச்சுக்கோம்மா” என்றால் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு விடாமல் இருந்தால், ஜெஸ் சொன்னதைச் சொல்லுங்கள். இன்னொரு பிரதி கடையில் கிடைக்கும்.

மத்தியான நேரமாகப் பார்த்துப் போங்கள். சாப்பிட்டுவிட்டுப் போ என்பார்கள். உட்கார்ந்து சாப்பிடுங்கள், மறுசோறு போட்டாலும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.